நாலாவது குமிழ்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கேட்டால் அடுத்த தெருக்காரருக்குக்கூட ஆளைத் தெரியாது. 'ஒரேதடவை' என்று கேட்டால் போதும், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து அவன் வாசலில் விட்டுவிடுவார்கள். வயரிங் வேலை செய்கிறவன். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் வேலையை முடித்துவிட்டுத்தான் வெளியே வருவான். அதே வேலைக்காக அவனை மறுபடி கூப்பிட்டவர் எவருமில்லை. மற்ற எலெக்ட்ரீஷியன்கள் போகும்போது மெயின் போர்டு பக்கத்தில் பென்சிலால் போன் நம்பரை எழுதிவிட்டுப் போவார்கள். இவன் எழுதமாட்டான். நான் பார்த்த வேலைக்கு நம்பர் எதற்கு என்பான். அவ்வளவு தலைக்கனம். அந்தத் தலைக்கனமே ஒரு நாள் அவன் காலை வாரிவிடப் பார்த்தது.

காரணமில்லாத கனம் என்று சொல்ல முடியாது. வயரைத் தொடுவதற்கு முன் அவன் மெயினை அணைப்பான், அதற்கு ஒரு குட்டிப் பூட்டுப் போடுவான், சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். அதோடு விடமாட்டான். டெஸ்டரை எடுத்து, கரண்ட் ஓடுகிற வேறோர் இடத்தில் வைத்து எரிகிறதா என்று பார்ப்பான். பிறகு வேலை செய்யப்போகிற வயரில் வைப்பான். எரியாது. அப்புறமும் சும்மா இருக்காமல் மறுபடி கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்துப் பார்ப்பான். நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால்? செத்த டெஸ்டர் எல்லா வயரையும் செத்த வயர் என்றுதான் சொல்லும். கூடவந்த வேலைக்காரர்கள் இதைப் பார்த்துச் சிரித்தார்கள், சிலர் ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்ட பிறகு சிரிப்பதை நிறுத்தினார்கள்.

நாற்பதை எட்டிப்பிடிக்க இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டு மாடி அறையில் இருந்தான். கீழே அக்காவும், தையற்கடை வைத்திருந்த மாமாவும். அக்கா அவனுக்குப் பெண் தேடி ஓய்ந்துபோயிருந்தாள். ஒரு தடவை நல்ல குடும்பம் என்று ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனாள். இவன் போனதிலிருந்து அண்ணாந்து பார்த்தபடி இருந்தான். பெண்ணின் அப்பா என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு, உங்கள் ஃபேனுக்கு எர்த் இல்லை என்றான். ஸ்டூல் கேட்டு வாங்கி, அதைச் சரிசெய்துவிட்டுத்தான் உட்கார்ந்தான். சம்பந்தம் தட்டிப்போனது. ஃபேன் இன்றைக்கும் ஓடுகிறது. "என் தம்பிக்குப் பொண்ணு வேண்டாம், ஒரு சுவிட்ச்போர்டு பாத்துக் கட்டிவச்சா போதும்" என்று அக்கா மாமாவிடம் சொல்லி, அந்த முயற்சிக்கு அன்றோடு முழுக்குப் போட்டாள்.

அப்படி இருந்தவனுக்கு ஒரு மத்தியானம் போன் வந்தது. பேசியது ஒரு பெண். ஆஸ்பத்திரி பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. அன்று காலையில் ஒரு தச்சருக்கு ரத்தம் எடுக்கும்போது, நம்பகமான எலெக்ட்ரீஷியன் யாராவது உண்டா என்று கேட்டாளாம். அவர் இவன் நம்பரைச் சொல்லியிருக்கிறார். "ஊசி ஏறும்போது யாரும் பொய் சொல்லமாட்டாங்க" என்று அவள் விளக்கம் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனில் சிரித்துப் பழக்கமில்லாதவன், இருமுவதுபோல் செய்து சமாளித்தான்.

விஷயம் இதுதான். அவள் வீட்டில் அவளும் அவள் அப்பாவும் மட்டும். அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஒரு பெரிய காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது. மல்லிகையும் மண்ணெண்ணெயும் ஒன்றுதான். போன மாதம் ஒரு நாள் அவள் வேலையிலிருந்து திரும்பியபோது வீடு முழுக்க கேஸ் நெடி. அப்பா அடுப்பை மூட மறந்து, பக்கத்திலேயே உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அவள் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அன்றைக்கே முடிவெடுத்தாள்: இனி கேஸ் வேண்டாம், மின்சார அடுப்பு. அதோடு, நெடுநாள் ஆசை ஒன்றுக்கும் வழி பிறந்தது. அவளுக்கு ரொட்டி சுட வேண்டும். கடை ரொட்டி அல்ல, தன் கையால் பிசைந்து பொங்கவைத்த ரொட்டி. அடுப்போடு ஓவனையும் சேர்த்து வாங்கிவிட்டாள். கொண்டுவந்து இறக்கியவர்கள் இருக்கிற பிளக்கில் செருகினால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

மறுநாள் அவன் போய்ப் பார்த்தான். குறுகலான சமையலறை, ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் நீளமான கல் மேடை, நடுவில் ஆள் உயரத்துக்கு இரண்டு அட்டைப்பெட்டிகள். பிளக்கைக் கழற்றி உள்ளே இருந்த வயரைப் பார்த்தான். விளக்குக்கும் கெட்டிலுக்கும் போட்ட ஒல்லி வயர். அடுப்பின் நாலு வட்டமும் ஓவனும் சேர்ந்து சூடேறினால், மற்ற அறைகள் எல்லாம் சேர்ந்து இழுப்பதைவிட அதிக கரண்ட்டை இழுக்கும். குழந்தை தலையில் அரிசி மூட்டையை ஏற்றின கதைதான். வயர் சுவருக்குள்ளேயே காய்ந்து, கருகி, ஒரு நாள் பிடித்துக்கொள்ளும். அடுப்புக்குத் தனியாக ஒரு தடித்த வயர், ஓவனுக்குத் தனியாக ஒன்று, இரண்டும் மெயின் போர்டிலிருந்து நேராக வர வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனி பிரேக்கர், ஷாக் அடிக்கும் முன்னால் துண்டிக்கிற டிரிப்பர் ஒன்று, எர்த்தையும் புதிதாகப் பார்க்க வேண்டும் என்றான். நாலைந்து நாள் ஆகும்.

ஹாலில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. ஒரு அடுப்புக்கு நாலைந்து நாளா, நான் அதற்குள் பஸ்ஸை எத்தனை ஊருக்கு ஓட்டிக்கொண்டு போயிருப்பேன் என்றார். அவள்தான் அப்பாவைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "பேரைக் கேக்காம நான் யாருக்கும் ஊசி குத்தறதில்லப்பா. சீட்டுல பேர் இருந்தாலும் வாயால ஒரு தடவை சொல்லச் சொல்வேன். அவரும் அந்த மாதிரிதான். விடுங்க." அவன் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் நின்றிருந்தான். தன் வேலையை இத்தனை வருஷத்தில் ஒருவர் இப்படி ஒரே மூச்சில் புரிந்துகொண்டு பேசி அவன் கேட்டதில்லை. காது சூடாவது அவனுக்கே தெரிந்தது.

வேலை ஆரம்பமானது. அவள் அதிகாலை ஷிஃப்டுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பிவிடுவாள். காலையில் அப்பாதான் மேற்பார்வை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஆயுசு முழுக்கக் கண்டக்டர் மணிக்குக் கட்டுப்பட்டு வண்டி ஓட்டினவர். ஒரு மணி என்றால் நில், இரண்டு மணி என்றால் கிளம்பு. ஓய்வுபெற்ற பிறகு மணி இவர் கைக்கு வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தபடி டம்ளரைக் கரண்டியால் தட்டுவார். மகள் சமையலறைக்குள் போக வேண்டாம் என்றால் ஒரு தட்டு. டீ கொண்டுவரலாம் என்றால் இரண்டு தட்டு. அவன் மெயினை அணைத்துப் பூட்டுப் போட்டுச் சாவியைப் பையில் போட்டதைப் பார்த்த அன்று, அவர் தட்டுவதற்குக் கரண்டியை எடுத்து, தட்டாமல் கீழே வைத்தார். "ரெண்டு மணி கேக்காம வண்டிய எடுக்காத ஆளு நீ" என்றார். அவர் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அதுதான் என்று அவள் பிறகு சொன்னாள்.

சுவிட்ச் எங்கே வைப்பது என்பதில் கொஞ்சம் வாக்குவாதம். அவளுக்கு அது அடுப்புக்கு நேர் பின்னால், சுவரில், கண்ணுக்கு அடக்கமாக இருக்க வேண்டும். சிவப்பு விளக்கோடு இருக்கிற அந்தப் பெரிய சுவிட்ச் பார்க்க லட்சணமாக இல்லை என்றாள். அவன், எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் அணைப்பதற்கு அந்தத் தீ மேலேயே கையை நீட்டுவீர்களா என்று கேட்டான். அவள் யோசித்தாள். அடுப்புக்கு நேரே வேண்டாம், ரொம்பத் தள்ளியும் வேண்டாம், பக்கவாட்டில் எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும் என்றான். யாருக்கு எட்டுகிற தூரம் என்று அவள் கேட்டாள். அவன் ஹாலுக்குப் போய் அப்பாவை எழுப்பிக்கொண்டு வந்தான். அவரை அடுப்பு முன்னால் நிற்கவைத்து, ஓர் அடி பின்வாங்கச் சொல்லி, கையை நீட்டச் சொன்னான். அவர் விரல் பட்ட இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தான். அவள் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு லட்சணத்தைப் பற்றி அவள் பேசவேயில்லை.

வயர் இழுத்த நாள்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று மாமா பிற்பாடு அடித்துச் சொல்வார். சுவரைக் கீறி பைப் பதித்தாகிவிட்டது. மெயின் போர்டு வாசல் பக்கம், அடுப்பு வீட்டின் பின்பக்கம். நடுவில் இரண்டு வளைவுகள். தடித்த வயர் வளைவில் மல்லுக்கு நின்றது. தள்ளுவதற்கு ஓர் ஆள், இழுப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அவள் ஆஸ்பத்திரிப் புடவையை மாற்றாமலே, முந்தானையைச் செருகிக்கொண்டு சமையலறைப் பக்கம் போய் நின்றாள். இவன் இந்தப் பக்கம். நடுவில் சுவர், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கத்திக் கத்திச் சொல்லிப்பார்த்துச் சரிவராமல், வயராலேயே பேசிக்கொண்டார்கள். ஒரு சுண்டு சுண்டினால் நிறுத்து, இரண்டு சுண்டினால் இழு. அப்பாவின் மணி வழக்கம்தான், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கைக்கு அதுவாக வந்தது. வளைவு வந்ததும் அவள் நிறுத்தினாள், இவன் முறுக்கை எடுத்துவிட்டான், அவள் இழுத்தாள். கடைசி முழம் வழுக்கிக்கொண்டு போனபோது அந்தப் பக்கத்திலிருந்து அவள் சிரிப்புக் கேட்டது. அப்புறம், வேலையே இல்லாமல், வயர் இரண்டு தடவை சுண்டியது. இவனும் பதிலுக்கு இரண்டு சுண்டினான்.

அன்று சாயங்காலம் மாடிப்படி ஏறும்போது அவன் சீட்டியடித்தான். கீழே காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்காவின் கத்தி நின்றது. இந்த வீட்டில் அவன் சீட்டியடித்து அவள் கேட்டதில்லை. கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, எந்த வீட்டு வேலை, யார் யார் இருக்கிறார்கள் என்று துருவினாள். இவனுக்கு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரியாது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், வயர் சுண்டினது உட்பட. அதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா முதலில் கேட்டது இதுதான்.

"உன்னை என்னன்னு கூப்பிடறா? அண்ணான்னா?"

அவன் யோசித்தான். பால்காரர் அவளுக்கு அண்ணா. தபால்காரர் அண்ணா. அட்டைப்பெட்டி தூக்க வந்த பக்கத்து வீட்டுக்காரரும் அண்ணா. இவனை மட்டும் அவள் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. 'இங்க பாருங்க' என்பாள், 'கொஞ்சம் வாங்களேன்' என்பாள். பேச்சு எங்கேயோ தொடங்கி அவனிடம் வந்து சேரும், நடுவில் முறை சொல்ல இடமே இருக்காது. அதைச் சொன்னான். சரி, நீ அவளை என்னவென்று கூப்பிடுகிறாய் என்று அக்கா கேட்டாள். எல்லா வீட்டிலும் சின்ன வயதுப் பெண்களைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான். அந்த வீட்டில் அந்த வார்த்தை நாக்கில் புரளவில்லை.

"நானும் ஒண்ணும் கூப்பிடல" என்றான்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். மாமாவைப் பார்த்தாள். மாமா ஊசியில் நூல் கோர்ப்பதை நிறுத்திவிட்டு, வேலை எப்போது முடிகிறது என்று கேட்டார். நாளை மறுநாள் என்றான். அதற்குள் ஏதாவது பேசிவிடு என்று இருவரும் ஏககாலத்தில் சொன்னார்கள்.

சொல்வது எளிது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன் இந்த விஷயத்தில். மறுநாள் முழுக்க ஓவன் வயரை இழுத்தான், சுவரைப் பூசினான், இரண்டு வார்த்தை பேச நாலு தடவை வாயைத் திறந்து மூடினான். அப்பா கரண்டியோடு அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் வந்தது. அடுப்பைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில்தான் வயர்களைப் பூட்ட வேண்டும். கவிழ்த்தால் குமிழ்கள் நசுங்கும் என்று சூட்டைக் கூட்டிக் குறைக்கத் திருகுகிற முன்பக்கத்து நாலு குமிழ்களையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மெயின் அணைந்திருந்தது, பூட்டு தொங்கியது, டெஸ்டர் மூன்று தடவை சாட்சி சொல்லிவிட்டது. ஒவ்வொரு வயராக அதனதன் இடத்தில் நுழைத்துத் திருகினான். எர்த் வயருக்கு மற்றவற்றைவிடக் கொஞ்சம் நீளம் விட்டான். எதுவாவது பிடுங்கிக்கொண்டு வந்தால் அது கடைசியாகத்தான் வர வேண்டும்.

கடைசித் திருகில் கை நின்றது. இது முடிந்தால் இந்த வீட்டில் அவனுக்கு வேலை முடிந்தது. அவன் பார்த்த வேலை கெடாது. கெடாத வேலைக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள். இத்தனை காலம் மார்தட்டிக்கொண்ட பெருமை இப்போது கதவை அவன் முகத்திலேயே சாத்தப்போகிறது. இந்த ஒரு திருகை மட்டும் கால் சுற்று தளர்த்தி விட்டால்? உடனே ஒன்றும் ஆகாது. ஒரு மாதத்தில் ஒரு வட்டம் மக்கர் செய்யும், போன் வரும், வந்து பார்க்கலாம். யாருக்கும் தெரியாது. ஸ்க்ரூடிரைவர் ஒரு நொடி அந்தப் பக்கம் திரும்பிப்பார்த்தது.

தளர்ந்த திருகு சூடாகும். சூடானால் கருகும். கருகுகிற வயர் முதலில் நாற்றத்தால்தான் எச்சரிக்கும். அந்த நாற்றம் இந்த வீட்டில் காலையெல்லாம் தனியாக இருக்கிற மனுஷருக்குத் தெரியாது. அவனுக்கு உடம்பு ஒரு தடவை சிலிர்த்தது. வெட்கமாகவும் இருந்தது. அந்தத் திருகை இறுக்கினான். போதாதென்று மற்ற எல்லாத் திருகுகளையும் முதலிலிருந்து மறுபடி இறுக்கினான். ஒவ்வொரு வயரையும் பிடித்து இழுத்துப் பார்த்தான். நிமிர்ந்தபோது, வாசற்படியில் அவள் டீயோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியவில்லை.

அடுப்பை நிமிர்த்திப் பொருத்தினான், ஓவனை அதன் கூட்டுக்குள் தள்ளினான், மீட்டர் வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தான். கடைசியில் பூட்டைத் திறந்து கரண்ட் கொடுத்தான். டிரிப்பரின் பட்டனை அழுத்தினான், பட்டென்று விழுந்தது. அதுதான் வேண்டும். மறுபடி ஏற்றினான். டீயைக் கையில் வாங்கிக் குடித்தபடியே ஒரு குமிழை மாட்டி, அதை ஒவ்வொரு இடமாக மாற்றி மாற்றி நாலு வட்டத்தையும் சூடாக்கிப் பார்த்தான். பிறகு பையில் கைவிட்டு, கைக்கு வந்த மற்ற குமிழ்களையும் மாட்டினான். ஓவனைக் காலியாகவே கொஞ்ச நேரம் எரியவிட்டு, ஜன்னலைத் திறந்துவைக்கச் சொன்னான்; புது ஓவன் முதல் தடவை லேசாகப் புகையும். என்ன வாசனை வருகிறது என்று ஹாலிலிருந்து அப்பா கேட்டார். புதுப் பெட்டி வாசனை, புதுப் பெயின்ட் வாசனை, கொஞ்சம் நம்ம பழைய பஸ் வாசனை என்று அவள் சொன்னாள். அப்பாவுக்கு அந்தக் கடைசி வாசனை போதுமானதாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

அவன் அப்பாவை அழைத்துவந்து சிவப்பு சுவிட்சை அவர் கையாலேயே நாலைந்து தடவை போட்டு அணைக்கவைத்தான். பிறகு தூசியைக் கூட்டினான். கருவிப்பையை எடுத்தான். வாசல்வரை அவள் வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏதாவதுன்னா கூப்பிடலாம்ல?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அந்த நொடி அதுதான். இவனோ பாலையும் தட்டிவிட்டான். இத்தனை வருஷமாக எல்லா வாசலிலும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில் தானாக வெளியே வந்தது.

"கூப்பிட வேண்டிய அவசியமே வராதுங்க."

அவள் சரி என்று தலையாட்டினாள். தெருமுனைக்கு வந்த பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது. சைக்கிளை நிறுத்திவிட்டு, ஒரு சுவரோரமாக நின்று, தன் தலையில் தானே குட்டிக்கொண்டான். வீட்டில் அக்கா அதைக் கேட்டதும் இன்னொரு குட்டு வைத்தாள். மாமா மட்டும், பாவம், அவனுக்கு எர்த் சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார், யாரும் சிரிக்கவில்லை. அன்று ராத்திரி அவன் சாப்பிட்டதாகப் பேர் பண்ணிவிட்டு எழுந்தான். வலி எங்கேயென்று சொல்லத் தெரியாத வலி. வாழ்க்கையில் முதல்முறையாக, தன் கைவேலை கொஞ்சம் மட்டமாக இருந்திருக்கலாமே என்று அழாக்குறையாக நினைத்தான்.

மறுநாள் வேறொரு வீட்டில் ஏணி மேல் நிற்கும்போது போன் அடித்தது. அவள்தான்.

"வேலையாயிருக்கீங்களா? ஒண்ணுமில்ல, அடுப்புல மூணு குமிழ்தான் இருக்கு. நாலாவது உங்க சட்டைப்பையில இருக்கா பாருங்க."

நேற்றுப் போட்ட அதே வேலைச்சட்டைதான். கையை விட்டான். பூட்டுச் சாவிக்கும் பென்சிலுக்கும் அடியில், உருண்டையாக, குளுகுளுவென்று இருந்தது. ஏணியிலிருந்து விழாமல் இருந்தது அவன் அப்பா அம்மா செய்த புண்ணியம். மன்னிப்புக் கேட்டான். ஒரு தடவை கேட்டால் போதாதா, மூன்று தடவை கேட்டான். சாயங்காலமே கொண்டுவருகிறேன் என்றான். போனை வைத்த பிறகு அவமானமும் சந்தோஷமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதித்தன. ஒரேதடவைக்கு இரண்டாவது தடவை வந்துவிட்டது.

சட்டை மாற்ற வீட்டுக்கு வந்தவனை அக்கா பிடித்துக்கொண்டாள். அவள் என்ன சொன்னாள், அதே வார்த்தையில் சொல் என்றாள். சொன்னான். அக்கா அந்தக் குமிழை வாங்கி உள்ளங்கையில் வைத்து நெல்லிக்கனி மாதிரி பார்த்தாள். குமிழ் எல்லாம் ஒரே மாதிரிதானே, ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றில் மாட்டலாமா என்று கேட்டாள். மாட்டலாம், நானே அப்படித்தான் சோதித்தேன் என்றான். இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு மூன்று வட்டம் போதாதா என்றாள். போதும். அப்புறம் எதற்கு இந்த அவசரம் என்றாள்.

"டேய், குமிழ் தொலைஞ்சு போச்சுன்னு அவ சொல்லல. தேடிப் பாத்தேன்னும் சொல்லல. நேரா சட்டைப்பைன்னாளே, அது அவளுக்கு எப்படித் தெரியும்?"

அக்கா கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அவனுக்கு உடனே பிடிபடவில்லை. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று யோசிக்கிற மூளை அவனுக்கு வயரில் மட்டும்தான். சைக்கிளில் பாதி வழி போன பிறகுதான் பிடிபட்டது. அதற்குப் பிறகு அவன் மிதித்த மிதியில் சங்கிலி கழன்று, கையெல்லாம் கிரீஸ் ஆனது. மாமா தேய்த்துக் கொடுத்த சட்டையிலும் ஒரு கோடு.

கதவு திறந்தே இருந்தது. வாசலிலேயே வாசனை வந்து மோதியது. வெந்த மாவின் வாசனை, வீடு முழுக்க. அப்பா நாற்காலியில் இருந்தார். அவர் முன்னால் ஒரு தட்டில் ரொட்டித் துண்டு. வாசனை தெரியாவிட்டால் என்ன, சூடு தெரிகிறது, மொறுமொறுப்புத் தெரிகிறது என்று சொல்லி, உள்ளே கை காட்டினார். சமையலறையில் அவள் கையெல்லாம் மாவோடு நின்றிருந்தாள். ஓவனுக்குள் இரண்டாவது ரொட்டி உப்பிக்கொண்டிருந்தது.

அவன் நேராகப் போய்க் குமிழை மாட்டினான். ஒரு சொடக்கு, அவ்வளவுதான். வேலை முடிந்துவிட்டது. இனிப் பேசாமல் நின்றால் மறுபடி தெருமுனைக்குப் போய்த் தலையில் குட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

"இது என் பையில இருந்தது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றான்.

அவள் மாவை உரசி உதிர்த்தாள். "நீங்க டீ குடிக்கும்போதே பாத்தேன். மூணு வெளிய வந்துச்சு, ஒண்ணு உள்ளயே நின்னுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா மாட்டிட்டுப் போயிருப்பீங்க. அப்புறம் கூப்பிட அவசியமே வராதே."

அவன் முகம் சிவந்தது. அதைவிடச் சிவக்கிற விஷயம் ஒன்று உள்ளே கிடந்தது. அதையும் இறக்கிவைத்துவிட்டால்தான் நிம்மதி என்று தோன்றியது. "நான் அந்தக் கடைசித் திருகைக் கொஞ்சம் தளர்த்தி விடலாமான்னு நெனச்சேன்" என்றான், தரையைப் பார்த்து. "அப்பதான் நீங்க திரும்பக் கூப்பிடுவீங்கன்னு."

அவள் கை நின்றது.

"அதுக்காகவா எல்லாத்தையும் மறுபடி முதல்லேருந்து முறுக்கினீங்க? வாசல்ல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். என்னத்துக்கு இந்த மனுஷன் இறுக்கினதையே இறுக்கறார்னு புரியல." அவள் குரல் இறங்கியது. "அதைப் பாத்தப்புறம்தான் குமிழைப் பத்திச் சொல்ல வேண்டாம்னு தோணிச்சு."

அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நெஞ்சு முழுக்கச் சந்தோஷம். குமிழைத் தொட்டுப் பார்த்தான், ஆடவில்லை. சிவப்பு சுவிட்சைப் பார்த்தான், எரிந்துகொண்டிருந்தது. பழக்க தோஷம், கருவிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். அவள் ஈரத்துணியை எடுத்து நீட்டினாள், கிரீஸ் கைக்கு.

"ஏங்க, கையைத் துடைச்சிட்டு உக்காருங்க. ரொட்டி இன்னும் வேகணும்" என்றாள்.

ஏங்க. அந்த ஒரு சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். வாசல் பக்கம் பேப்பருக்குப் பின்னால் இருந்தவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து டம்ளரில் கரண்டி பட்டது. ஒன்று. ஒன்றோடு நின்றால் வேண்டாம் என்று அர்த்தம்; அவன் பை தோளில் தொங்க அப்படியே நின்றான்.

அப்புறம் இன்னொன்று. இரண்டு மணி, வண்டியை எடுக்கலாம்.

அவன் கருவிப்பையைக் கீழே இறக்கிவைத்தான்.